எழுத்துகளுக்கு விலை குறித்தவர்

ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏழு ஆங்கில எழுத்துகளை ஒருவரிடம் கொடுத்து, இவற்றைக் கொண்டு அமையும் மிக நீண்ட சொல் எது என்று கேட்டால், சிறிது நேரமாவது அவர் நெற்றியைச் சுருக்கி யோசிப்பார். இன்று அந்தச் சிரமம் தேவையில்லை. கைப்பேசியில் அந்த எழுத்துகளை உள்ளிட்டால், கண் இமைக்கும் நேரத்தில் சொற்கள் நீளவாரியாக வரிசை கட்டி நிற்கின்றன. அந்தக் கேள்வியையே ஒரு விளையாட்டாக்கி, உலகத்தின் மேசைகளில் கொண்டுவந்து வைத்த மனிதரின் பெயர் மட்டும் அவ்வரிசையில் எங்கும் இல்லை. ஸ்கிராபிள் விளையாட்டை அறிந்தவர்கள் கோடிக்கணக்கானோர். அதை உருவாக்கிய ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் என்பவரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

அவருடைய வாழ்க்கை, சொல் விளையாட்டில் ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று. வேலையிழந்த ஒரு மனிதர் தம் கையிலிருந்த வெறும் நேரத்தை என்ன செய்தார், அவர் உழைப்பின் பயன் யாரிடம் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது பொருளியல் சார்ந்த கேள்வியும்கூட. அந்த நோக்கிலேயே அவரை இங்கு நினைவுகூர விரும்புகிறேன்.

பட்ஸ் 1899-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள போக்கீப்சி நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், தாய் பள்ளி ஆசிரியை. உள்ளூரில் பள்ளிக் கல்வியை முடித்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயின்று, 1924-இல் பட்டம் பெற்றார். நியூயார்க் நகரக் கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் பணியில் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் ஓவியமும் வரைந்தார். நியூயார்க்கின் காட்சிகளைக் காட்டும் அவருடைய ஆறு படைப்புகள் பிற்காலத்தில் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்றன. அமைதியான, ஒழுங்கான, அளவுகோலும் பென்சிலுமாகக் கழியவேண்டிய வாழ்க்கை அது.

1929-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. தொடர்ந்து வந்த பெருமந்தத்தில் முதல் அடி வாங்கிய தொழில்களில் கட்டுமானமும் ஒன்று. புதிய கட்டடம் எழுப்பப் பணமோ துணிவோ யாரிடமும் இல்லாதபோது, கட்டடத்தை வடிவமைப்பவருக்கு என்ன வேலை இருக்க முடியும்? 1931-இல் பட்ஸ் பணியிழந்தார். அப்போது அவருக்கு வயது 32. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்நாட்டில் உழைக்கும் நால்வரில் ஒருவர் வேலையின்றி இருக்கும் நிலை வந்தது.

வேலையின்மையைப் பொருளியல் நூல்கள் விழுக்காட்டில் அளக்கின்றன. அதன் உண்மையான அளவை வேலையிழந்தவரின் காலைப் பொழுதில்தான் காண முடியும். எழுந்து ஆயத்தமாகிப் போவதற்கு ஓர் இடம் இல்லாத காலை அது. பட்ஸ் வேறு சில வழிகளில் பிழைக்க முயன்று பார்த்தார், எதுவும் கைகொடுக்கவில்லை. பிறகு, மந்தத்தில் வாடும் மக்கள் குறைந்த செலவில் பொழுதுபோக்க விரும்புவார்கள் என்று கணித்து, ஒரு விளையாட்டை உருவாக்க முடிவு செய்தார். கற்பனையில் தோன்றிய எதையோ உடனே வரையத் தொடங்காமல், ஆய்வாளரைப்போல முதலில் அதுவரை உலகில் இருந்த விளையாட்டுகளை வகைப்படுத்தி எழுதினார். இதுவே அவருடைய தனித்தன்மை.

அவர் பகுப்பில் விளையாட்டுகள் மூவகை. பகடை, பிங்கோ போன்றவை எண் விளையாட்டுகள். அவற்றில் நல்வாய்ப்பே பெரும்பங்கு வகிக்கிறது. சதுரங்கம் போன்றவை காய் நகர்த்தும் விளையாட்டுகள். அவற்றில் திறமையே எல்லாம். மூன்றாவது வகை, எழுத்துகளை மாற்றியமைத்துச் சொல் காணும் விளையாட்டுகள். முழுவதும் வாய்ப்பாக இருந்தால் அறிவுள்ளவருக்குச் சலிப்பு. முழுவதும் திறமையாக இருந்தால் புதியவருக்கு அச்சம். இரண்டும் கலந்திருந்தால் குடும்பத்தில் எல்லாரும் உட்கார்ந்து ஆடலாம். சொல் விளையாட்டுகளில் அந்தக் கலவைக்கு இடம் இருக்கிறது. ஆனால் புள்ளி கணக்கிடும் முறை இல்லாததே அவற்றின் குறை என்று கண்டார்.

புள்ளி வழங்க வேண்டுமானால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு வேண்டும். அந்த மதிப்பை எதைக்கொண்டு முடிவு செய்வது? இங்கே அவருக்கு வழிகாட்டியது ஒரு சிறுகதை. எட்கர் ஆலன் போ 1843-இல் வெளியிட்ட 'தி கோல்ட் பக்' என்ற கதையில், கடற்கொள்ளையர் புதைத்த செல்வத்தின் இருப்பிடம் ஒரு மறைகுறியில் எழுதப்பட்டிருக்கும். அடிக்கடி வரும் குறி எதுவோ அதுவே ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயிலும் 'இ' என்ற எழுத்தாக இருக்கவேண்டும் என்று தொடங்கிக் கதைமாந்தர் அம்மறைகுறியை அவிழ்ப்பார். எழுத்துகள் சமமாகப் பயில்வதில்லை என்ற எளிய உண்மைதான் அதன் திறவுகோல்.

போ தந்த எழுத்து வரிசை முழுவதும் சரியானதன்று. நடைமுறை ஆங்கிலத்தில் 'இ'-க்கு அடுத்த நிலையில் வரும் 'டீ' என்ற எழுத்தை அவர் மிகவும் பின்னால் தள்ளியிருந்தார். பட்ஸ் தாமே எண்ணத் தொடங்கினார். 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் முதல் பக்கத்தை எதிரில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக் கணக்கெடுத்தார். கணினி இல்லாத காலம். பென்சில், தாள், பொறுமை ஆகியவையே கருவிகள். வேலை தேடுவோர் பலரும் வரி விளம்பரங்களுக்காகப் புரட்டிய செய்தித்தாளை, அவர் எழுத்துகளுக்காகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இப்படிப் பிறந்த முதல் விளையாட்டுக்கு 'லெக்சிகோ' என்று பெயர். அதில் பலகை கிடையாது. ஆடுபவர் ஒன்பது எழுத்து வில்லைகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை விட்டு ஒன்றை மாற்றி, அவ்வொன்பதையும் கொண்டு ஒரு நீண்ட சொல்லை அமைக்க முயலவேண்டும். பின்னர் அரிதான எழுத்துகளைப் பயன்படுத்தினால் கூடுதல் புள்ளி என்ற விதியும் சேர்ந்தது. கொடுக்கப்பட்ட எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கும் நெடுஞ்சொல்லைத் தேடுவது என்ற செயல், அதன் தூய வடிவில் விளையாட்டானது இங்கேதான்.

அந்தத் தேடல் எவ்வளவு கடினமானது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். வெவ்வேறான ஏழு எழுத்துகளை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒன்பது எழுத்துகளானால் 3,62,880 விதம். எந்த மனிதராலும் அத்தனையையும் முயன்று பார்க்க இயலாது. ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் வரிசைகளைத் தேடுவதில்லை. சொல்லின் உறுப்புகளைத் தேடுகிறார். ஐ, என், ஜி ஆகிய மூன்றும் கையில் இருந்தால் அவற்றைப் பின்னொட்டாக ஒருபுறம் ஒதுக்கி, மீதமுள்ள நான்கில் ஒரு வினைச்சொல் கிடைக்குமா என்று பார்க்கிறார். ஆர், இ இருந்தால் முன்னொட்டாக முன்னே வைக்கிறார். ஐயாயிரம் வழிகள் இவ்வாறு இருபத்து நான்காகச் சுருங்குகின்றன. நீண்ட சொல்லைக் காண்பவருக்கு வேண்டியது பெரிய நினைவாற்றல் மட்டுமன்று. சொல்லைப் பகுதி விகுதியாகப் பிரித்துப் பார்க்கும் இலக்கணக் கண்ணும் வேண்டும்.

கணினி செய்யும் வழி வேறு. அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அது முன்கூட்டியே அகரவரிசைப்படி அடுக்கி, அந்த அடுக்கையே சொல்லின் முகவரியாக வைத்துக்கொள்கிறது. உற்றுக் கேட்பதைக் குறிக்கும் 'லிசன்', மௌனத்தைக் குறிக்கும் 'சைலண்ட்' ஆகிய இரண்டு ஆங்கிலச் சொற்களும் ஒரே ஆறு எழுத்துகளால் ஆனவை. எனவே இரண்டுக்கும் ஒரே முகவரி. நாம் எழுத்துகளைக் கொடுத்ததும் அது அவற்றை அடுக்கி, அந்த முகவரியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறது. எவரும் இல்லையெனில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு மீண்டும் பார்க்கிறது. ஏழு எழுத்துகளிலிருந்து எடுக்கக்கூடிய கூட்டங்கள் மொத்தம் 127 மட்டுமே என்பதால் விடை நொடியில் வந்துவிடுகிறது.

லெக்சிகோ வணிக அளவில் தோல்வியே. பார்க்கர் பிரதர்ஸ், மில்டன் பிராட்லி போன்ற பெரிய விளையாட்டுப் பொருள் நிறுவனங்கள் அதை ஏற்க மறுத்தன. காப்புரிமை அலுவலகமும் அவர் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. தாமே கையால் செய்து நண்பர்களுக்கும் அறிந்தவர்களுக்கும் விற்றார். சில ஆண்டு உழைப்பில் விற்பனையானவை நூறுக்கும் குறைவு. கணக்குப் பார்த்தபோது கையில் நட்டமே மிஞ்சியது.

1935-இல் பட்ஸுக்குப் பழைய நிறுவனத்திலேயே மீண்டும் வேலை கிடைத்தது. பலர் இந்த இடத்தில் விளையாட்டை மறந்திருப்பார்கள். அவர் மறக்கவில்லை. 1913-இல் நியூயார்க் நாளேடு ஒன்றில் ஆர்தர் வின் தொடங்கிவைத்த குறுக்கெழுத்துப் புதிர், 1920-களில் அமெரிக்காவையே ஆட்கொண்டிருந்தது. அதன் கட்டங்களையும் தம் எழுத்து வில்லைகளையும் ஏன் இணைக்கக்கூடாது என்று எண்ணினார். 1938-இல் 15-க்கு 15 கட்டங்கள் கொண்ட பலகை உருவாயிற்று. சில கட்டங்கள் எழுத்தின் மதிப்பை இரு மடங்கோ மும்மடங்கோ ஆக்கும்; சில கட்டங்கள் சொல்லின் மதிப்பையே பெருக்கும். இந்த வடிவத்துக்குக் 'கிரிஸ் கிராஸ் வேர்ட்ஸ்' என்று பெயரிட்டார். கட்டட வரைபடங்களைப் படியெடுக்கும் முறையிலேயே பலகையைப் படியெடுத்து ஒட்டினார். எழுத்துகளை மெல்லிய மரப்பலகையில் ஒட்டிச் சிறு சதுரங்களாக அறுத்தார். கட்டடம் எழுப்பக் கற்ற கை, சொற்களுக்குக் கட்டடம் எழுப்பியது.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலுள்ள ஜாக்சன் ஹைட்ஸில் அவர் வசித்தார். அங்குள்ள தேவாலயக் கூடத்தில் அக்கம்பக்கத்தாரோடு ஆடிப் பார்த்து விதிகளைத் திருத்தினார். அவருடைய மனைவி நினா முன்பு ஆசிரியையாக இருந்தவர். பட்ஸுக்கு எழுத்துப்பிழையின்றி எழுதுவதில் பெரிய திறமை இல்லை. நினாவோ மிகத் தேர்ந்தவர். கணவர் உருவாக்கிய விளையாட்டில் கணவரைத் தோற்கடிப்பது அவருக்கு வழக்கமாக இருந்தது. டான் குவிக்ஸாட்டின் பெயரிலிருந்து பிறந்த 'குவிக்ஸாட்டிக்' என்ற எட்டெழுத்துச் சொல்லை ஒரே முறையில் அமைத்து அவர் பெரும் புள்ளி ஈட்டியதைப் பட்ஸ் பிற்காலத்தில் பெருமையோடு சொல்லி மகிழ்ந்திருக்கிறார்.

இப்போது அவர் எழுத்துகளுக்குக் குறித்த விலைகளைப் பார்ப்போம். மொத்தம் 100 வில்லைகள். அவற்றுள் 'இ' 12, 'ஏ', 'ஐ' ஒவ்வொன்றும் 9, 'ஓ' 8. 'க்யூ', 'ஜே', 'எக்ஸ்', 'இசட்', 'கே' ஆகியவை ஒவ்வொன்றே. எந்த எழுத்தாகவும் கொள்ளத்தக்க வெற்று வில்லைகள் இரண்டு. மிகுதியாகக் கிடைப்பவற்றுக்கு ஒரு புள்ளி. அரிதான 'க்யூ', 'இசட்' இரண்டுக்கும் பத்துப் புள்ளி. பயன்பாட்டில் மிகுந்த 'எஸ்' எழுத்தை நான்காகக் குறைத்தது அவருடைய நுட்பம். ஆங்கிலத்தில் எந்தப் பெயர்ச்சொல்லின் இறுதியிலும் அதை ஒட்டிப் பன்மையாக்கிவிடலாம்; அது தாராளமாகக் கிடைத்தால் ஆட்டம் சப்பென்று போய்விடும் என்பதை அவர் அறிந்திருந்தார். இங்கே அவர் எண்ணிக்கையை அப்படியே பின்பற்றாமல், ஆடிப் பெற்ற அனுபவத்துக்கு முதலிடம் தந்தார். செய்தித்தாளில் மலிந்து கிடக்கும் 'ஹெச்' எழுத்துக்கு இரண்டே வில்லைகள் இருப்பதும் அப்படிப்பட்டதே. சுட்டிடைச்சொல்லான 'தி' பக்கம் முழுவதும் வருவதால் பெருகிய எண்ணிக்கை அது. சொல் அமைப்பவருக்கு அந்த மிகுதி உதவாது.

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில், மதிப்புக் கோட்பாடு நடத்தும் நாளன்று ஸ்கிராபிள் எழுத்துப் பை ஒன்றை வகுப்புக்கு எடுத்துச் செல்வது என் வழக்கம். உயிர் வாழத் தேவையான தண்ணீர் மலிவாகவும், தேவையற்ற வைரம் விலையுயர்ந்ததாகவும் இருப்பது ஏன் என்று 1776-இல் ஆடம் ஸ்மித் எழுப்பிய புதிருக்கு, 1870-களில் ஜெவன்ஸ், மெங்கர், வால்ரஸ் ஆகியோர் இறுதிநிலைப் பயன்பாட்டுக் கோட்பாட்டின் வழியே விடை கண்டனர். ஒரு பொருளின் விலையை அதன் மொத்தப் பயன் முடிவு செய்வதில்லை. கடைசியாகக் கிடைக்கும் ஓர் அலகின் பயனே முடிவு செய்கிறது. இதைக் கரும்பலகையில் வரைந்தபோது புரியாத மாணவர்களுக்கு, எழுத்துப் பையைக் காட்டியதும் புரிந்தது. 'இ' இல்லாமல் ஆங்கிலமே இல்லை. ஆனாலும் அதன் விலை ஒரு புள்ளிதான். 'இசட்' இன்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். அதன் விலை பத்து.

அதன் மறுபக்கமும் பாடமாகவே அமைந்தது. பட்ஸ் குறித்த விலைகள் இன்றுவரை மாறவில்லை. ஆனால் சொற்களின் சந்தை மாறிவிட்டது. சீனச் சிந்தனையில் உயிராற்றலைக் குறிக்கும் 'சீ' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 'க்யூ', 'ஐ' என்ற இரண்டே எழுத்துகளில் எழுதுவர். 2006-இல் வட அமெரிக்கப் போட்டிகளுக்கான சொற்பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 'பீட்சா'வின் சுருக்கமாக 'இசட்', 'ஏ' கொண்ட சொல்லும் அதே ஆண்டில் இடம்பெற்றது. அதுவரை 'யூ' துணையின்றிச் செலவழிப்பதற்கு அரிதாக இருந்த 'க்யூ' எளிதில் செலவாகும் நாணயமாயிற்று. புள்ளியோ பழைய பத்துதான். மதிப்பைத் திருத்தவேண்டும் என்ற குரல்கள் எழுந்தும் ஏற்கப்படவில்லை. நிலைமை மாறியபின்னும் மாறாத விலைக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மீண்டும் பட்ஸின் கதைக்கு வருவோம். கிரிஸ் கிராஸ் வேர்ட்ஸையும் நிறுவனங்கள் மறுத்தன. அவர் கையால் செய்து விற்ற பெட்டிகளுள் ஒன்று, கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில் வாழ்ந்த ஜேம்ஸ் புருனோவிடம் இருந்தது. 1948-இல் புருனோ அதைத் தயாரித்து விற்கும் உரிமையைப் பெற்றார். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்ஸுக்குச் சிறு உரிமத்தொகை என்பது ஏற்பாடு. புருனோ சிறப்புக் கட்டங்களை இடம் மாற்றினார், விதிகளை எளிதாக்கினார், ஏழு வில்லைகளையும் ஒரே சொல்லில் பயன்படுத்துவோருக்கு 50 புள்ளி வெகுமதி என்ற விதியைச் சேர்த்தார். நீண்ட சொல்லைத் தேடும் ஆவலை லெக்சிகோவிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தது அந்த விதிதான். கையால் துழாவுதல் என்ற பொருளுள்ள 'ஸ்கிராபிள்' என்ற பெயரைச் சூட்டி, அவ்வாண்டே வணிகக்குறியாகப் பதிவு செய்தார்.

புருனோ குடும்பத்தார் கைவிடப்பட்ட பள்ளிக் கட்டடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மணிக்கு ஒரு டஜன் பெட்டிகள் என்ற கணக்கில் செய்தனர். 1949-இல் ஏறத்தாழ 2,400 பெட்டிகள் விற்று 450 டாலர் நட்டமடைந்தனர். அடுத்த சில ஆண்டுகளும் இழுபறிதான். 1952-இல், மேசிஸ் என்ற பெரும் கடையின் தலைவர் ஜேக் ஸ்ட்ராஸ் விடுமுறையில் இந்த விளையாட்டை ஆடி மகிழ்ந்து, ஊர் திரும்பியதும் தம் கடையிலேயே அது இல்லாததைக் கண்டு வியந்து பெருமளவு வாங்க ஆணையிட்டார் என்று சொல்லப்படுகிறது. அதன்பின் கேட்ட அளவுக்குத் தயாரிக்க முடியவில்லை. செல்ச்சோ அண்ட் ரைட்டர் நிறுவனத்துக்குத் தயாரிப்பு உரிமம் வழங்கப்பட்டது. 1954-இல் மட்டும் ஏறத்தாழ 38 இலட்சம் பெட்டிகள் விற்றன.

எழுத்துகளை எண்ணத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்குப் பின், தம் ஐம்பதுகளில்தான் பட்ஸ் வெற்றியைக் கண்டார். அவருக்குக் கிடைத்த பங்கு பெட்டி ஒன்றுக்குச் சுமார் மூன்று சென்ட். உலகெங்கும் இதுவரை விற்றவை 15 கோடிக்கும் மேல் என்று கணக்கிடப்படும் ஒரு விளையாட்டுக்கு இது மிகச் சிறிய பங்கு என்றே தோன்றும். இது நியாயமா என்ற கேள்வி எழுவது இயல்பு.

நியாயம், அநியாயம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. பட்ஸ் இல்லையேல் விளையாட்டே இல்லை. ஆனால் புருனோ தம் சேமிப்பையும் ஆண்டுகளையும் பணயம் வைக்காவிட்டால் அது ஜாக்சன் ஹைட்ஸ் கூடத்தைத் தாண்டியிராது. கடைக்காரர் ஒருவரின் விருப்பம் இல்லாவிட்டால் பள்ளிக் கட்டடத்தைத் தாண்டியிராது. கருத்து, முதலீடு, விநியோகம் மூன்றும் சேர்ந்தே ஒரு பொருள் சந்தையில் நிற்கிறது. ஆயினும் இம்மூவரில் பேரம் பேசும் வலிமை குறைந்தவர் எப்போதும் கருத்தைத் தந்தவரே. கதவுகள் எல்லாம் அடைபட்டபின், திறந்த ஒரே கதவின் முன் நிற்பவர் கொடுத்ததைப் பெற்றுக்கொள்வார். வறுமையிலும் புறக்கணிப்பிலும் செய்யப்படும் ஒப்பந்தங்கள் எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் இப்படித்தான் அமைகின்றன. சட்டத்தின்படி அவை சரியாகவே இருக்கலாம்; அவற்றின் பின்னணி சமமானதன்று.

பட்ஸ் இதைப் பற்றிக் கசப்போடு பேசியதில்லை என்பது வியப்புக்குரியது. வந்த உரிமத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போயிற்று, ஒரு பங்கைப் பிறருக்குக் கொடுத்துவிட்டேன், எஞ்சிய பங்கு நிறைவாக வாழ உதவியது என்ற பொருளில் அவர் கூறியிருக்கிறார். கட்டடக் கலைப் பணியை அவர் விடவில்லை. ஸ்டேட்டன் தீவில் சார்ல்ஸ் பெர்ரி குடியிருப்புத் திட்டம், ஸ்டான்ஃபோர்ட்வில்லில் ஒரு பொது நூலகம் ஆகியவற்றின் வடிவமைப்பில் அவர் பெயர் உண்டு. கைவிட்டுப் போயிருந்த மூதாதையர் பண்ணை வீட்டை மீண்டும் வாங்கினார். சொற்களுக்கு விலை வைத்தவர், சொற்கள் தந்த பணத்தில் மீட்டது தம் குடும்பத்தின் பழைய கூரையை.

1979-இல் நினா மறைந்தார். அதன்பின்னும் பட்ஸ் உறவினரோடும் நண்பரோடும் தாம் முன்பு கையால் செய்த பழைய பெட்டியில் ஆடிவந்தார். எண்பது வயதைக் கடந்தபின் தம் பெயரிலேயே இன்னொரு விளையாட்டையும் உருவாக்கினார். 1985-இல் வெளிவந்த அது முன்னதைப்போலப் புகழ் பெறவில்லை. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள், 94-ஆவது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நியூயார்க் மாநிலத்தின் ரைன்பெக்கில் காலமானார்.

1995-இல் ஜாக்சன் ஹைட்ஸில் அவர் ஆடிய தேவாலயம் இருக்கும் தெருவுக்கு விந்தையான பெயர்ப்பலகை ஒன்று வைக்கப்பட்டது. தெருப் பெயரின் ஒவ்வோர் எழுத்தின் கீழும் அதற்குரிய ஸ்கிராபிள் புள்ளி சிறிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது. இடையில் அது காணாமற்போய், மீண்டும் வைக்கப்பட்டது. அவர் பிறந்த ஏப்ரல் 13 அமெரிக்காவில் ஸ்கிராபிள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவரை மறுத்த பார்க்கர் பிரதர்ஸ், மில்டன் பிராட்லி ஆகிய இரண்டு நிறுவனங்களும் பின்னர் ஹாஸ்ப்ரோ என்ற ஒரே நிறுவனத்துக்குள் அடங்கின. வட அமெரிக்காவில் ஸ்கிராபிளின் உரிமையும் இன்று அதே நிறுவனத்திடம். வரலாறு சில நேரங்களில் தானே புள்ளி கணக்கிட்டுக்கொள்கிறது.

இந்த வாழ்க்கையிலிருந்து ஒரு தவறான பாடத்தை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலையின்மை மனிதரின் படைப்பாற்றலைத் தூண்டும் என்று மேடைகளில் பேசுவதுண்டு. 1931-இல் பட்ஸோடு வேலையிழந்த இலட்சக்கணக்கானோரில் பெரும்பாலோரின் திறமை எவருக்கும் தெரியாமலே கரைந்து போயிற்று. பட்ஸைக் காப்பாற்றியதுகூட விளையாட்டன்று. 1935-இல் திரும்பக் கிடைத்த மாதச் சம்பளம்தான். அந்தச் சம்பளம் தந்த நிம்மதியில்தான் அவரால் விளையாட்டைப் பல ஆண்டுகள் பொறுமையாகச் செதுக்க முடிந்தது. படைப்புக்கு ஓய்வு வேண்டும். ஆனால் அடுத்த வேளை உணவுக்கு உறுதியுள்ள ஓய்வாக அது இருக்கவேண்டும். வேலையற்றோருக்கான உதவியைச் செலவு என்று மட்டும் கணக்கெழுதும் அரசுகள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். எத்தனை பட்ஸ்கள் கோடு போட்டு எண்ணிய தாள்களை எந்தப் பெட்டியிலோ பூட்டி வைத்துவிட்டுப் போயிருப்பார்களோ, யாரறிவார்?

அடுத்தது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. ஏழு எழுத்துகளைக் கைப்பேசியிடம் கொடுத்து நெடுஞ்சொல்லைப் பெறுவது குற்றமன்று. ஆட்டம் முடிந்தபின் என்ன தவறவிட்டோம் என்று பார்க்க அது நல்ல ஆசிரியர். ஆனால் ஆட்டத்துக்கு நடுவிலேயே விடையைக் கேட்டு வாங்கினால், நமக்குக் கிடைப்பது புள்ளி மட்டுமே. ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டீ என்ற ஏழு எழுத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு, தக்கவைத்தலைக் குறிக்கும் 'ரிடெய்ன்ஸ்' அதில் இருப்பதை ஒரு சிறுமி தானே கண்டுபிடிக்கும்போது, அவள் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை எந்தச் செயலியும் தர முடியாது. சற்றுப் பொறுத்தால் விழித்திரைகளைக் குறிக்கும் 'ரெட்டினாஸ்' என்ற சொல்லும் அதே எழுத்துகளில் இருப்பதை அவள் காண்பாள். இருந்ததை இருந்தபடியே வைத்துக்கொண்டு, பார்வையை மட்டும் மாற்றினால் புதியது பிறக்கும் என்பதை அவளுக்கு வேறெந்தப் பாடநூலும் இவ்வளவு எளிதாகச் சொல்லித்தராது.

பட்ஸ் தம் வாழ்விலும் அதையே செய்தார். வாழ்க்கை அவர் கையில் கொடுத்த எழுத்துகள் நல்லவையல்ல: மந்தம், வேலையிழப்பு, மறுப்பு, நட்டம். அவற்றில் எதையும் மாற்றிக்கொள்ள அவருக்கு வாய்ப்பு இருக்கவில்லை. முன்பின்னாக அடுக்கிக்கொண்டே இருந்தார். நீண்ட சொல் ஒன்று கடைசியில் கிடைத்தது. கிடைக்காமலும் போயிருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அவரை நாம் போற்றவேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).